சமறி அடுப்பும் வேலிப் பொட்டும்

"இன்றைக்கு என்ன சமைப்பது?" என்ற கேள்வி நாலுபேர் உள்ள வீட்டில் எழுந்தால் நாலு விடைகள் உடனே கிடைத்துவிடும். ஒருவருக்குக் கத்தரிக்காய் ஆகாது. இன்னொருவருக்குப் பொரியல் இல்லாமல் சோறு இறங்காது. நேற்று வைத்த பருப்பை இன்றும் வைத்தால் மூன்றாமவர் முகத்தைச் சுழிப்பார். தனியே வாழும் ஒருவர் அதே கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்ளும்போது மறுமொழி சொல்ல ஆளில்லை. ஆகவே பாணும் சம்பலும், இல்லையேல் சோறும் முட்டைப்பொரியலும் என்று அந்தக் கேள்வி அடங்கிவிடுகிறது. இரண்டு மாதம் சென்றால் கேள்வியே எழுவதில்லை.

இதனைச் சோம்பல் என்று வைவது எம்மவர் வழக்கம். அத்தனை இலகுவில் முடிக்கக்கூடிய விடயம் அல்ல இது. குடும்பத்தைப் பிரிந்து தனித்திருந்து உண்ட மனிதர்களின் வரலாறு யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு நூறாண்டுக்கு மேற்பட்டது. கோயில்களின் வரலாறும் பாடசாலைகளின் வரலாறும் எழுதப்பட்ட அளவுக்கு இந்த வரலாறு எழுதப்படவில்லை. இதனை எழுதியிருக்க வேண்டிய எழுதுவினைஞர்கள் கந்தோர்க் கோவைகளில் குறிப்பெழுதியே ஓய்வுபெற்றுப் போனார்கள்.

நல்ல சமையலை நளபாகம் என்கிறோம். நளன் சமைத்த காலத்தில் எப்படி இருந்தான் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நாட்டை இழந்து, மனைவியைக் காட்டில் கைவிட்டு, உருமாறி, வாகுகன் என்ற பெயரில் இருதுபன்னனின் அரண்மனையில் வேலைக்காரனாக ஒண்டியிருந்தவன் அவன். மகாபாரதத்தின்படி சுயம்வர நாளில் அவனுக்கு உணவின் சுவையை வரமாகக் கொடுத்தவன் யமன்! நளனைத் தேடிய தமயந்தி, தோழியை அனுப்பி வாகுகன் சமைத்த இறைச்சியில் சிறிதளவு எடுத்துவரச் செய்து, வாயில் வைத்த மாத்திரத்தில் இது தன் கணவனின் கைப்பக்குவம் என்று அறிந்துகொண்டாள். முகம் மாறியும் கைப்பக்குவம் மாறவில்லை. பிரிந்திருப்பவனின் அடுப்பிலும் வீடு இருக்கிறது என்பதை வியாசர் அறிந்திருந்தார்.

இனி எமது நளன்களுக்கு வருவோம்.

1816 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனும் பிற மிஷன்களும் நிறுவிய பாடசாலைகள், பின்னர் சைவர்கள் எழுப்பிய ஆங்கிலக் கல்லூரிகள் ஆகியவற்றில் படித்து வெளியேறிய இளைஞர்களுக்கு ஊரில் தொழில் இருக்கவில்லை. தோட்டமும் வயலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கிடப் போதுமானவையாக இருக்கவில்லை. அரசாங்கக் கந்தோர்களுக்கும் புகையிரதப் பகுதிக்கும் ஆங்கிலம் தெரிந்த எழுதுவினைஞர்கள் தேவைப்பட்டார்கள். ஒரு பகுதியினர் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். மற்றொரு பகுதியினர் கொழும்புக்கு வந்தார்கள். 1905 ஆம் ஆண்டு வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்று யாழ்ப்பாணமும் கொழும்பும் தண்டவாளத்தால் இணைந்த பின்னர் இந்த ஓட்டம் பெருகிற்று.

வந்தவர்கள் பெரும்பாலும் தனியாகவே வந்தார்கள். மணமானவர்களும் மனைவியையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டே வந்தார்கள். சீதனமாகக் கிடைத்த வீடும் வளவும் ஊரில் இருந்தன. பிள்ளைகள் படிக்க நல்ல கல்லூரிகள் ஊரில் இருந்தன. கொழும்பில் ஒரு குடும்பத்துக்கு வீடெடுத்து வாழச் சம்பளம் இடங்கொடாது. ஆகவே மாதந்தோறும் மணியோடர் வடக்கே போயிற்று. மனிதர் தெற்கே இருந்தார். இந்த ஏற்பாட்டை 'மணியோடர்ப் பொருளாதாரம்' என்று பின்னாளில் வேடிக்கையாகவும் கசப்பாகவும் குறிப்பிட்டார்கள். அந்தப் பொருளாதாரத்தின் மறுபக்கத்தில் எரிந்துகொண்டிருந்ததுதான் சமறி அடுப்பு.

சமறி என்ற சொல்லை இளைய தலைமுறையினர் அறியமாட்டார்கள். மணமாகாத ஆடவர் அல்லது குடும்பத்தைப் பிரிந்த ஆடவர் பலர் கூட்டாக வாடகைக்கு எடுத்து வாழும் வீட்டுக்கு அது பெயர். 'சம்' என்பது ஆங்கிலத்தில் அறைத்தோழனைக் குறிக்கப் பதினேழாம் நூற்றாண்டு மாணவர்கள் வழங்கிய கொச்சைச் சொல். அதிலிருந்து பிறந்த 'சம்மரி', இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த வெள்ளைக்காரத் துரைமார் கூடிவாழ்ந்த வீட்டுக்குப் பெயராகி, கொழும்புத் தமிழர் வாயில் சமறியாகத் தேய்ந்தது. துரைமாரின் சமறியில் சமையற்காரனும் பரிசாரகனும் இருந்தார்கள். எழுதுவினைஞர்களின் சமறி வேறு வகையானது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் ஒரு சிறு வீடு, அறைக்கு இருவர் மூவர், பின்புறத்தில் கரிபிடித்த குசினி. வசதி இருந்தால் சமைப்பதற்கு ஒரு பையனை வைத்துக்கொண்டார்கள். பையன் ஊருக்குப் போய்த் திரும்பாத மாதங்களில், அத்தகைய மாதங்களே பல, தாங்களே முறைவைத்துச் சமைத்தார்கள்.

இந்த முறைதான் எனது கட்டுரையின் மையம். காலையில் பாண். மதியம் கந்தோருக்குப் பக்கத்திலே சாப்பாட்டுக்கடை. இரவுச் சாப்பாடு ஒன்றே சமறிக்கு உரியது. திங்கட்கிழமை ஒருவர், செவ்வாய்க்கிழமை மற்றவர் என்று முறை வரும்போது, தன் வீட்டில் தேநீர்கூட ஊற்றிக் குடித்தறியாத மனிதர், ஆறுபேர் உண்ணப்போகிற கறிக்கு உப்புப் பார்த்தார். திங்கட்கிழமைக்காரர் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்துப் பாராட்டுப் பெற்றுவிட்டால் செவ்வாய்க்கிழமைக்காரருக்கு அன்றிரவு நித்திரை வராது. கூலியில்லாத அந்தப் போட்டி பல நல்ல சமையற்காரர்களை உருவாக்கியது. ஓய்வுபெற்று ஊர் திரும்பிய அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் சிலர், கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கும்போது காட்டிய கைத்திறனைக் கண்டு அவர்களின் மனைவிமாரே வியந்ததை நான் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் கழித்துத்தான் அந்தப் பெண்களுக்குத் தங்கள் கணவருக்குச் சமைக்கத் தெரியும் என்பது தெரிந்தது! ஊரிலே அவர்கள் அதை வெளிக்காட்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குசினிக்குள் கால்வைப்பது ஆண்பிள்ளைக்கு அழகன்று என்ற நினைப்பு கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கும்வரைதான் அவர்களுடன் வந்தது.

முறைக்கு அடுத்தபடியாக அவர்களுக்குக் கைகொடுத்தது நாட்காட்டி. வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் சைவம். ஐப்பசியில் கந்தசஷ்டி. தையில் பொங்கல். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடிவைத்த அந்த நாளில் சமறியில் எவராவது ஒருவர் பச்சையரிசி மாவும் பனங்கட்டியும் தேடிக் கடைக்குப் போவார். சமறியில் கிறிஸ்தவ நண்பர் இருந்தால் தவக்கால வெள்ளியும் நத்தார்ப் பண்டிகையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். என்ன சமைப்பது என்ற கேள்விக்குப் பாதி விடையை நாள் சொல்லிவிடும். மீதி விடையைச் சந்தையிலே கிடைக்கும் காய்கறி சொல்லும். இன்று தனியே வாழ்பவரின் நாட்காட்டியில் திங்களும் வெள்ளியும் ஒரே நிறம். எல்லாக் காய்கறியும் எல்லா நாளும் குளிரூட்டிய தட்டில் கிடைக்கின்றன. தெரிவு பெருகிற இடத்தில் தெரிந்தெடுக்கும் ஆசை குன்றிவிடுகிறது என்பது எனது அபிப்பிராயம்.

மூன்றாவது ஊரிலிருந்து வந்த பார்சல். அரசாங்க உத்தியோகத்தருக்கு விடுமுறைப் பயணத்துக்காக ஆண்டுக்குச் சில இலவசப் புகையிரத வாறண்டுகள் கிடைத்தன. 1956 ஆம் ஆண்டு யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் போக்குவரத்து எளிதாயிற்று. வெள்ளி மாலை கோட்டை நிலையத்தில் ஏறியவர்கள் ஞாயிறு இரவுத் தபால் வண்டியில் திரும்பித் திங்கட் காலையில் நேரே கந்தோருக்குப் போவார்கள். அந்த வண்டியின் பொதி வைக்கும் தட்டுக்களைக் கண்ணை மூடிக்கொண்டே மோப்பத்தால் வாசிக்கலாம். புழுக்கொடியல், ஒடியல், பனங்கட்டி, மோர்மிளகாய், எள்ளுருண்டை, பருத்தித்துறைத் தட்டை வடை, கருவாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, துணியால் வாய் கட்டிய போத்தலில் தூள்.

இந்தத் தூளைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றை வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துக் கறித்தூள் எல்லா வீட்டிலும் ஒன்றே என்று வெளியார் நினைப்பார்கள். ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த இரண்டு வீட்டுத் தூள் ஒன்றாயிராது. மல்லி ஒரு பிடி கூடும். வறுவல் ஒரு நிமிடம் குறையும். சமறிக் குசினியில் ஆறு போத்தல்கள் இருந்தால் ஆறு வீடுகள் இருந்தன என்பது பொருள். இன்றைய கறி யாருடைய தூளில் என்பது ஒரு வாதத்துக்குரிய விடயம். குறைந்த தூள் யாருடையது என்பது அதைவிடப் பெரிய வாதம். தமயந்தி கண்டுபிடித்தது போலவே, முதற் கவளத்தில் "இது இன்னாருடைய வீட்டுத் தூள்" என்று சொல்லக்கூடிய நாக்குகள் அங்கே இருந்தன.

கூழ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒடியற்கூழை ஒருவருக்காகக் காய்ச்ச முடியாது. நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு என்று வகைக்கொரு பிடி போட்டாலே பானை நிரம்பிவிடும். சமறியில் கூழ் காய்ச்சும் சனிக்கிழமைக்கு அயற் சமறிகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிடுவார்கள். பலாவிலையைக் கோலித் தரையில் வட்டமாக இருந்து குடித்த அந்தக் கூழுக்குரிய தனி ஒருவர் அளவை எந்தச் சமையற் புத்தகமும் சொல்லவில்லை. அப்படி ஓர் அளவு கிடையாது. மறுபுறம், புட்டிலே இந்த வேறுபாடு பாத்திரத்திலேயே தெரியும். நீத்துப்பெட்டியில் அவிப்பது குடும்பத்துக்கு. குழலில் அவிப்பது ஓராளுக்கு.

வரலாறு எப்போதும் பண்டிகையாக இருந்ததில்லை. 1942 இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு அரிசி வந்தது. அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா நிரப்பிற்று. போர் முடிந்தும் கூப்பன் முடியவில்லை. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடளாவிய ஹர்த்தால் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். சோற்றுப்பானை ஒரு பிரதமரைக் கவிழ்த்தது என்று அக்காலத்துப் பத்திரிகைத்துறையினர் பேசிக்கொள்வது வழக்கம்.

இந்தத் தட்டுப்பாட்டுக் காலங்களில்தான் யாழ்ப்பாணத்துச் சமையல் ஒரு புதுமையைக் கண்டது. கோதுமை மாவைப் பச்சையாகக் குழைத்தால் பசையாகிவிடும். அதனைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, உதிர்த்து, அரித்து எடுத்தால் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அரிசி மாவைப் போல இசையும். அவித்த மா என்ற இந்தச் சரக்கை யார் முதலில் கண்டறிந்தார் என்ற பதிவு கிடையாது. எந்த ஆய்வுகூடத்திலும் பிறவாமல் குசினியில் பிறந்தது அது. இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் தமிழ்ப் பிள்ளைகள் பாரம்பரிய உணவென்று உண்ணும் வெள்ளைப் புட்டு, பஞ்ச காலத்தின் பிள்ளை.

1970 முதல் 1977 வரையான காலத்தையும் சமறிவாசிகள் மறக்கமாட்டார்கள். இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் விளைவித்த யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தார்கள். அதே காலத்தில் கொழும்பிலே தனித்திருந்த உத்தியோகத்தர் விடியற்காலையில் பாணுக்கு வரிசையில் நின்றார். மாவட்டத்துக்கு மாவட்டம் அரிசி கொண்டுபோகத் தடை இருந்தது. வாரத்தில் சில நாட்களில் உணவகங்களில் சோறு பரிமாறவும் தடை இருந்தது. மரவள்ளிக்கிழங்கு அவியல், துவையல், கறி, மா, பொரியல் என்று எத்தனை உருவெடுக்கலாமோ அத்தனையும் எடுத்தது. பஞ்சத்தைப் புகழ்வது என் நோக்கமன்று. பசித்தவனிடம் போய்ப் பசி கற்பனையை வளர்க்கும் என்று சொல்வது அறமுமன்று. கையில் ஒரே பொருள் இருக்கும்போது நாளைக்கு அதனை எப்படி மாற்றுவது என்ற எண்ணம் தானாக எழுகிறது என்பதை மட்டும் குறிக்கிறேன்.

வேறு நாட்டவர் இந்தத் தனியன் சமையலுக்குக் கருவிகளால் விடைகாண முயன்றார்கள். 1892 இல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் செய்த பிறைமஸ் மண்ணெண்ணெய் அடுப்பு, விறகில்லாத அறையில் சமைக்க வழிவகுத்தது. 1910 இல் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்ற வங்காளி, மருத்துவமும் சட்டமும் தத்துவமும் கற்ற ஒரு பல்துறை வல்லுநர், 'இக்மிக் குக்கர்' என்ற அடுக்குப் பாத்திரத்தை அமைத்தார். பூரி ஜெகந்நாதர் கோயில் மடைப்பள்ளியில் பானைமேல் பானை வைத்துச் சமைக்கும் முறையே அவருக்குத் தூண்டுகோல் என்பர். அடியிலே கரி நெருப்பு, அதன்மேல் நீர், அதற்கு மேலே அடுக்கடுக்காகச் சோறு, பருப்பு, மரக்கறி. காலையில் மூட்டிவிட்டு வேலைக்குப் போகலாம். திரும்பும்போது மூன்றும் வெந்திருக்கும். கல்கத்தா விடுதிகளில் தனித்திருந்த வங்காள எழுதுவினைஞர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். தமிழ்நாட்டில் 'ருக்மணி குக்கர்' என்ற பெயரில் இதே வகைப் பாத்திரம் ஒரு காலத்தில் பிரபலமாயிருந்ததை முதியவர்கள் அறிவர்.

மின்சாரச் சோற்றுப்பானையின் கதையில் ஒரு பெண் மறைந்திருக்கிறாள். ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1955 இல் சந்தைக்கு விட்ட அந்தப் பானையை உருவாக்கும் பொறுப்பு, மினாமி யோஷிதாதா என்ற சிறு ஒப்பந்தக்காரரிடம் விடப்பட்டது. இரவும் பகலும் சோறாக்கி அளந்து குறித்துப் பார்த்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. வெளிப்பானையில் ஊற்றிய ஒரு குவளை நீர் வற்ற ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். வற்றியதும் வெப்பம் ஏறும். ஏறியதும் விசை தானே அணையும். தமிழர் வீட்டுக் குசினிகளில் 1977 இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகே இது பரவலாக நுழைந்தது. 1958 இல் மொமொஃபுகு ஆண்டோ ஒசாக்காவில் உடனடி நூடில்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தனியே வாழ்பவர்களின் இராச் சாப்பாட்டை உலகெங்கும் அது பிடித்துக்கொண்டது.

இந்த வரிசையில் என் தொழிலைச் சேர்ந்த ஒருவரும் இருக்கிறார் என்பதில் எனக்கொரு சிறு பெருமை. லண்டன் 'ஒப்சேர்வர்' பத்திரிகையில் நெடுங்காலம் பத்தி எழுதிய கத்தரின் வைட்ஹோர்ன், 2021 இல் காலமானவர், 1961 இல் ஒரு சமையற் புத்தகம் எழுதினார். ஒற்றை அறையில், ஒரேயொரு வாயு அடுப்பில், முகங்கழுவும் தொட்டியைத் தவிர வேறு தண்ணீர் வசதி இல்லாமல், கட்டிலுக்குப் பக்கத்திலேயே சமைக்க வேண்டிய இளைஞர்களுக்கான புத்தகம் அது. பல தசாப்தங்கள் மீண்டும் மீண்டும் அச்சாகியது. அக்காலத்தில் லண்டனில் படித்த இலங்கை மாணவர்களும் அப்படிப்பட்ட அறைகளிலேதான் வாயுமானிக்குள் நாணயத்தைப் போட்டுச் சமைத்தார்கள். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னர், 1951 இல், சென்னையில் மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' வெளியிட்டார். இளமையிலேயே கணவனை இழந்தவர் அவர். உறவினர் பலரும் அவரிடம் பக்குவம் கேட்டவண்ணம் இருந்ததைக் கண்டு, அதைப் புத்தகமாக எழுதும்படி தூண்டியவர் ஓர் உறவினர். கடல் கடந்துபோன மணப்பெண்களின் பெட்டிகளிலும் மாணவர்களின் பெட்டிகளிலும் அப்புத்தகம் போயிருக்கிறது.

பெண்கள் என்றதும் ஒன்றைக் குறிப்பிடாமல் அப்பால் செல்ல முடியவில்லை. தூரத்து மாவட்டங்களுக்கு நியமனம் பெற்றுப் போன ஆசிரியைகளும் தாதியரும் தனித்தே வாழ்ந்தார்கள். அவர்களுக்குச் சமறி கிடையாது. யாரோ ஒருவர் வீட்டின் ஓரறையில் போடிங். தனியாக அடுப்பு வைக்க வீட்டுக்காரர் சம்மதித்தால் உண்டு. பெண் என்றால் சமைக்கத் தெரிந்திருக்கும் என்று உலகம் எண்ணியது. தன்னொருத்திக்காகச் சமைக்க அவளுக்கு மனம் வருமா என்று எவரும் கேட்கவில்லை. சமறிக் கதைகளை இரசித்துப் பேசும் எங்கள் தலைமுறை ஆண்கள் இந்தப் பக்கத்தைப் பேசியதில்லை.

கருவிகள் வேலையைக் குறைத்தன. விருப்பத்தை அவை உண்டாக்கவில்லை. இதற்குச் சான்று 1983 ஜூலைக்குப் பின்னான காலம்.

கலவரத்தில் கொழும்புச் சமறிகள் கலைந்தன. பிறகு தோன்றிய சமறிகள் பேர்லினிலும் பாரிசிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இருந்தன. இம்முறை வந்தவர்கள் ஓய்வூதியத்தை எண்ணிய எழுதுவினைஞர்கள் அல்லர். இருபது வயது இளைஞர்கள். தாய் போட்டுக் கொடுத்ததை உண்டு வளர்ந்தவர்கள். பல நாடுகளில் அவர்களுக்குத் தொழில் செய்யும் அனுமதியும் உடனே கிடைக்கவில்லை. பனிக்காலத்தில் ஓர் அறைக்குள் பலர். அடுப்பு இருந்தது, மின்சாரம் இருந்தது, கடையில் கோழியும் முட்டையும் மலிவாக இருந்தன. தூள் இருக்கவில்லை, தேங்காய் இருக்கவில்லை. உலர்த்திய தேங்காய்ப்பூவை வெந்நீரில் ஊறவைத்துச் சம்பல் போட்டார்கள். பசுப்பாலில் சொதி வைத்தார்கள். கடிதத்தில் அம்மாவிடம் பக்குவம் கேட்டார்கள். கேட்ட கடிதம் யாழ்ப்பாணம் போய் மறுமொழி திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். போர் தீவிரமாகி, 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதமும் நின்று, பொருளாதாரத் தடைக்குள் அம்மாக்களே மண்ணெண்ணெய்க்கு அலைந்த ஆண்டுகளில் அதுவும் வந்துசேராது. வந்த கடிதங்களில் சில, "மல்லி இவ்வளவு, மிளகாய் இவ்வளவு" என்று தொடங்கி, இடம்பெயர்ந்த செய்தியில் முடிந்தன.

சுவிட்சர்லாந்திலும் பிரான்சிலும் அந்த இளைஞர்களில் ஏராளமானோருக்குக் கிடைத்த முதற் தொழில் உணவகக் குசினியில் கோப்பை கழுவுவது. கழுவியவர்கள் மரக்கறி வெட்டினார்கள். வெட்டியவர்கள் சமையற்காரர் ஆனார்கள். 2023 இல் பாரிஸ் நகரின் மிகச் சிறந்த பகெத் பாணுக்கான பரிசை இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா வென்றார் என்ற செய்தியைப் படித்தபோது, பாணுக்கு வரிசையில் நின்ற ஒரு சமூகத்துக்கு இது நல்ல பதில் என்று தோன்றியது.

ஆனால் பகலெல்லாம் பிறருக்குச் சமைத்துவிட்டு நள்ளிரவில் அறைக்குத் திரும்பிய அதே மனிதர், அங்கே எவரும் இல்லாவிட்டால், நூடில்ஸுக்கு வெந்நீர் ஊற்றினார். நான்கு நண்பர்கள் இருந்த அறையில் ஆட்டுக்கறி வெந்தது. அப்படி இருந்த பலரை அறிவேன். அவர்களிடம் கைத்திறன் குறையவில்லை.

இப்போது சக்கரம் மறுபுறம் திரும்பியிருக்கிறது. பிள்ளைகள் குடும்பமாகி வெளிநாடுகளில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஐந்து அறை வீட்டில் ஒரு தாய், அல்லது ஒரு தந்தை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதும் அதற்கு மேற்பட்டோரும் 12.4 வீதத்தினர், அந்த வீதம் அதன் பின்னர் உயர்ந்தே வருகிறது. பிள்ளைகள் வாயு அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் சோற்றுப்பானையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். 2022 இல் எரிவாயு கிடைக்காமல் நாடே விறகுக்குத் திரும்பிய மாதங்களிலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் எப்படியோ ஒரு சிலிண்டருக்கு வழிசெய்தார்கள். தொலைபேசியில் "அம்மா, சாப்பிட்டீங்களோ?" என்று நாள்தோறும் கேட்கிறார்கள். "ஓம் மகன், சாப்பிட்டன்" என்ற மறுமொழிக்குப் பின்னால் இருப்பது நேற்றுக் காலையில் ஆக்கிய சோறும் ஒரு துண்டு ஊறுகாயும். ஒருவருக்காகத் தேங்காய் உடைப்பது வீண் என்று அந்தத் தாய் நினைக்கிறாள். ஐந்து பிள்ளைகளுக்குப் பால்கறியும் தூள்கறியும் வறையும் சொதியும் வேறுவேறாக வைத்தவள், தன்னொருத்திக்கு அந்த மரியாதையைச் செய்துகொள்வதில்லை. உடல் நலிவது அதற்குப் பிறகு. மருத்துவர்கள் முதியோரிடம் காணும் போசாக்குக் குறைவு எப்போதும் வறுமையால் வருவதன்று.

முன்னர் இப்படி இருக்கவில்லையா என்று கேட்கலாம். கணவன் கொழும்பிலும் பிள்ளைகள் மலாயாவிலும் இருந்த காலத்தில் ஊரில் தனித்திருந்த பெண்களும் உண்டு. அவர்களுக்கும் வீட்டைச் சுற்றி வேலி இருந்தது. அந்தக் கிடுகு வேலியில், படலைக்கு அப்பால், ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி ஒன்று இருக்கும். பொட்டு என்பார்கள். ஆண்கள் எல்லைக்காக வழக்காடிய அதே வேலியில் பெண்கள் பொட்டு வைத்துக்கொண்டார்கள். பொட்டுக்குள்ளால் ஒரு கிண்ணத்தில் கீரைக்கறி போகும். வாங்கியவள் வெறுங்கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கமாட்டாள். இரண்டு நாள் கழித்து அதே கிண்ணத்தில் வாழைப்பொத்தி வறை வரும். தனியே இருந்தவள், அடுத்த கிண்ணத்தில் எதை வைத்துக் கொடுப்பது என்ற எண்ணத்தோடு முற்றத்து முருங்கையை அண்ணாந்து பார்த்தாள். மிஞ்சிய சோற்றையும் கறிகளையும் மறுநாட் காலையில் ஒன்றாகப் பிசைந்து குழையல் உருட்டியபோது, கைநீட்ட அயல்வீட்டுப் பிள்ளை ஒன்று நின்றது.

கொழும்புச் சமறியில் முறை எப்படியோ அப்படி ஊரிலே இந்தக் கிண்ணம்.

போர்க்காலத்தில் பல வேலிகள் அழிந்தன. போர் 2009 இல் முடிந்த பின்னர் வெளிநாட்டுப் பணத்தில் சீமெந்து மதில்கள் எழுந்தன. ஆறடி உயரம், சில வீடுகளில் மேலே கண்ணாடித் துண்டும் பதித்திருக்கிறார்கள். கள்வர் பயம் உண்மையானதுதான். தனித்திருக்கும் தாய்க்குப் பாதுகாப்பு வேண்டுமென்று பிள்ளைகள் கட்டிக்கொடுத்தவை அவை. அவர்களைக் குறைசொல்ல இடமில்லை. மதிலில் யாரும் பொட்டு வைப்பதில்லை.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது கோண்டாவில் பக்கமாக ஒரு வீட்டில் ஒன்றைக் கண்டேன். இரு வீட்டுக்கும் இடையிலான மதிலின் நடுவில், இடுப்பளவு உயரத்தில், இரண்டு சீமெந்துக் கற்களை எடுத்துவிட்டு ஒரு சிறு மரக்கதவு போட்டிருந்தார்கள். ஆள் நுழைய முடியாது. தபாற் பெட்டி என்று நினைத்து விசாரித்தேன். அந்த வீட்டு அம்மா, எண்பதை நெருங்குபவர், சிரித்துக்கொண்டு கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு எவர்சில்வர் கிண்ணம், தட்டால் மூடியபடி இருந்தது. "பக்கத்து வீட்டு ரீச்சர் வைச்சிருக்கிறா, தம்பி. இண்டைக்குப் பாவற்காய் போல. நாளைக்கு நான் என்ன வைக்கிறதெண்டுதான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார்.